சிக்னல் இல்லாவிட்டாலும் விடை உண்டு: கணினிக்குள் இருக்கும் கையேட்டைப் படிக்கப் பழகுங்கள்

ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகிச் சான்றிதழ்ப் பரீட்சையில் இணையம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினியைக் கையில் கொடுத்து, இதைச் செய், அதைச் சரிப்படுத்து என்பார்கள். கூகுளும் இல்லை, யூடியூபும் இல்லை. ஆனால் அந்தக் கணினியோடு சேர்ந்தே வந்த ஆவணங்களைத் திறந்து பார்க்கத் தடையில்லை. அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, இராகலைப் பக்கம் உயர்தரம் முடித்துவிட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறையில் கால்வைக்க நினைக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஃபைபர் இணைப்போடு படிக்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால் உங்களுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, டேட்டா. ரீலோட் போட்ட காசு மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிடும். மழையும் பனிமூட்டமும் கூடினால் லயத்து வாசலில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது. மற்றது, ஆங்கிலம். தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தவுடன் மனம் பின்வாங்குகிறது. இந்த இரண்டுக்கும் ஒரே மருந்தாக ஒரு திறமை இருக்கிறது. டியூஷன் வகுப்புகள் பெரும்பாலும் அதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன.

அந்தத் திறமையின் பெயர் ‘மேன்’. லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எம், ஏ, என் என்ற மூன்று எழுத்தைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, எந்தக் கட்டளையைப் பற்றித் தெரிய வேண்டுமோ அதன் பெயரை எழுதி என்டர் கொடுங்கள். அந்தக் கட்டளையின் கையேடு அப்படியே திரையில் வரும். இணையம் தேவையில்லை, அது உங்கள் வன்தட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே தட்டுங்கள்.

இது நேற்று வந்த ஏற்பாடு அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது, ‘எழுதி வையுங்கள்’ என்று விடாமல் வற்புறுத்தியவர் அவர்களது மேலாளர் டக் மெக்கில்ராய். யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் திகதி வெளிவந்தது. பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், இதையும் பார்க்க என்று அன்று போட்ட தலைப்புகள் ஐம்பது ஆண்டு தாண்டியும் ஏறக்குறைய அப்படியே தொடர்கின்றன. ‘பக்ஸ்’ என்ற தலைப்பும் அன்றே இருந்தது. தாங்கள் செய்த பொருளின் குறையைத் தாங்களே கையேட்டில் எழுதி வைத்தார்கள். இந்த நேர்மையைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பக்கங்கள் மீது மதிப்பு வந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

தோட்ட ஒஃபிஸ் ஒன்றில் அன்றைய கொழுந்துக் கணக்கு ஒரு கோப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு ஓர் ஆள்: முதலில் பெயர், ஓர் இடைவெளி, பிறகு மடுவத்தில் நிறுத்த கிலோ. ஒருவருக்கு 9, இன்னொருவருக்கு 18, மற்றவருக்கு 22. அதிகம் எடுத்தவர் மேலே வரும்படி அடுக்க வேண்டும். ‘சோர்ட்’ என்ற கட்டளை இருப்பது தெரியும். இரண்டாவது பத்தியை வைத்து அடுக்க ‘ஹைஃபன் கே 2’, தலைகீழாக்க ‘ஹைஃபன் ஆர்’ என்று யாரோ சொல்லிக்கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. தட்டுகிறீர்கள். 9 கிலோ எடுத்தவர் முதலிடத்தில் நிற்கிறார். அடுத்து 22, கடைசியில் 18.

கணினி பிழைவிடவில்லை. அது எண்ணை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்தது. 9 என்ற குறி 2 என்ற குறிக்கும் 1 என்ற குறிக்கும் பின்னால் வருவதால், தலைகீழாக்கியபோது 9 முன்னுக்கு வந்துவிட்டது. சிறிய கோப்பில் இது உடனே கண்ணில் படும். இருநூறு பேர் உள்ள கோப்பில், இந்த வரிசையை நம்பி யாருக்கு முழுப்பேர் (முழுநாள் கூலி), யாருக்கு அரைப்பேர், யாருக்கு மேலதிகக் கிலோ என்று செக்ரோலில் ஏற்றினால், ஒரு குடும்பத்தின் சம்பளத்தில் போய்க் கைவைத்துவிடுவீர்கள்.

இப்போது ‘மேன் சோர்ட்’ என்று தட்டுங்கள். பக்கம் திறக்கும். முழுவதையும் படிக்க வேண்டாம். சாய்கோடு ஒன்றைத் தட்டி, அதையடுத்து ‘நியூமெரிக்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி என்டர் கொடுங்கள். அந்தச் சொல் வரும் இடத்துக்குத் தாவும். அடுத்த இடத்துக்குப் போக ‘என்’ எழுத்து, பின்னால் வர பெரிய ‘என்’. சில தாவலுக்குள் ‘ஹைஃபன் என்’ என்ற தெரிவு கிடைத்துவிடும்: எண் மதிப்பை வைத்து ஒப்பிடும் தெரிவு. அதையும் சேர்த்துத் தட்டினால் 22, 18, 9 என்று ஒழுங்காக நிற்கும். வெளியேற ‘கியூ’. பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் ‘கியூ’ தெரியாமல் ஜன்னலையே மூடிவிடுவது உண்டு, அது தேவையில்லை.

அதே பக்கத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கணினியில் எந்த மொழி, எந்த நாடு என்று அமைத்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்து அடுக்கும் வரிசை மாறும் என்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அடுக்குகிறவருக்கு இது முக்கியம். யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்து. நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசியில் வருபவை. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் பெயர்கள் இடம்மாறி நிற்கும். பாடசாலை இடாப்புக்கோ தோட்டப் பேர்ப்பட்டியலுக்கோ மென்பொருள் செய்யும் ஒருவர் இந்த எச்சரிக்கையைப் படித்திருந்தால் ஒரு வாரத் தலைவலி மிச்சம். பக்கத்தின் அடியில், முழு விளக்கம் ‘இன்ஃபோ’ என்ற மற்றொரு கட்டளையில் இந்தக் கணினியிலேயே கிடைக்கும் என்றும் எழுதியிருக்கும். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு வழிகாட்டும். அந்த வழியைப் பிடித்துப் போகப் பழகுவதுதான் முக்கால்வாசி வேலை.

ஆங்கிலம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். மேன் பக்கத்து ஆங்கிலம் பத்திரிகை ஆங்கிலம் போல் விரிந்து ஓடாது. திரும்பத் திரும்ப அதே சொற்கள்: கோப்பு, பெயர், வரி, காட்டு, நீக்கு, புறக்கணி, இயல்பாக, இல்லையேல். ஐம்பது அறுபது சொற்களை ஒரு கொப்பியில் தமிழ்க் கருத்தோடு எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலான பக்கங்களில் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ‘எஸ்’ எடுத்தவருக்கும் இது முடியும். குறியீடுகளையும் பழகுங்கள். எழுதும் முறையைக் காட்டும் ‘சினாப்சிஸ்’ பகுதியில் சதுர அடைப்புக்குள் இருப்பதை விரும்பினால் போடலாம், விட்டாலும் குற்றமில்லை. மூன்று புள்ளி இருந்தால் அதற்கு முன்னால் உள்ளதை எத்தனை தடவையும் தரலாம். நடுவில் ஒரு நெடுக்குக்கோடு இருந்தால் இரண்டில் ஒன்று. தடித்த எழுத்தில் உள்ளதை அப்படியே தட்ட வேண்டும். அடிக்கோடு போட்டதன் இடத்தில் உங்களுடைய கோப்பின் பெயரோ எண்ணோ வரும். இவ்வளவு தெரிந்தால் அந்தப் பகுதி ஒரு சூத்திரம் போல வாசிக்க வந்துவிடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கையேடு எட்டுப் பிரிவாகப் பிரிந்திருக்கிறது. 1 சாதாரணக் கட்டளைகள், 2 இயங்குதளத்தின் கெர்னலைக் கூப்பிடும் முறைகள், 3 நிரல் நூலகங்கள், 4 சாதனங்கள், 5 கோப்புகளின் அமைப்பு, 6 விளையாட்டு, 7 பலவகை, 8 நிர்வாகக் கட்டளைகள். ஒரே பெயர் இரண்டு பிரிவில் இருக்கலாம். தினமும் இரவு பத்து மணிக்குத் தானாக ஒரு பேக்கப் எடுக்கக் ‘கிரான்டேப்’ எழுத வேண்டும் என்று வையுங்கள். ‘மேன் கிரான்டேப்’ என்றால் முதற்பிரிவுப் பக்கம் வரும். கட்டளையை எப்படித் திறப்பது என்று அது சொல்லும். நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்ற ஐந்து இடத்தையும் எப்படி நிரப்புவது என்ற விளக்கம் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. ‘மேன் 5 கிரான்டேப்’ என்று எண்ணோடு தட்ட வேண்டும். அங்கே உதாரணமும் உண்டு. ‘மேன் பக்கத்தில் ஒன்றும் இல்லை’ என்று கைவிட்டவர்களில் பலர் அடுத்த பிரிவைத் திறக்காதவர்கள்.

கட்டளையின் பெயரே தெரியாவிட்டால்? ‘மேன் ஹைஃபன் கே’ என்று போட்டு, தேடும் பொருளை ஒரு சொல்லில் எழுதுங்கள். எல்லாப் பக்கங்களின் ஒருவரி அறிமுகத்திலும் தேடிப் பட்டியல் தரும். ‘அப்ரோபோஸ்’ என்ற கட்டளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பொருத்தமாக ஒன்றும் இல்லை என்று எந்தச் சொல்லுக்கும் பதில் வந்துகொண்டிருந்தால் கணினியில் அட்டவணை கட்டப்படவில்லை என்று பொருள். நிர்வாகி அனுமதியோடு ‘மேன்டிபி’ என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால் கட்டிக்கொள்ளும். ‘சிடி’ போன்ற சில கட்டளைகள், நாம் தட்டுவதை வாங்கி இயக்கும் ‘பேஷ்’ ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. அவற்றுக்கு ‘ஹெல்ப் சிடி’ என்று கேட்க வேண்டும்.

மேன் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் கணினிகளில் ‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘டாக்’ என்று ஓர் அடைவு இருக்கிறது. நிறுவிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. உரிமக் குறிப்பு, மாற்ற வரலாறு, சிலவற்றுக்கு மாதிரி அமைப்புக் கோப்புகள். ‘ரீட்மீ டெபியன்’ என்ற கோப்பு கிடந்தால் முதலில் அதைத் திறங்கள்; மூல மென்பொருளிலிருந்து டெபியனில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். இணையத்தில் எங்கோ படித்த வழி உங்கள் கணினியில் ஏன் வேலைசெய்யவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. ‘ஜிஇசட்’ என்று முடியும் கோப்பு சுருக்கப்பட்டது. ‘இசட்லெஸ்’ என்ற கட்டளையால் விரிக்காமலே வாசிக்கலாம். ஒரு மென்பொருள் பொதி எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று பார்க்க டெபியனில் ‘டிபிகேஜி ஹைஃபன் பெரிய எல்’. ரெட் ஹேட் குடும்பத்தில் ‘ஆர்பிஎம் ஹைஃபன் கியூடி’ என்று போட்டால் ஆவணக் கோப்புகளை மட்டும் பிரித்துக் காட்டும்.

டேட்டாவைச் சேமிக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வசதி. பைத்தான், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றின் முழுக் கையேடுகளும் தனிப் பொதிகளாகக் கிடைக்கின்றன. டெபியன் நிர்வாகிக்கான கையேட்டுப் புத்தகம் ஒன்றும் அப்படியே பொதியாக வருகிறது. சி மொழி படிப்பவர்கள் ‘மேன்பேஜஸ் டெவ்’ பொதியைப் போட்டால் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் நிறைந்துவிடும். ஹட்டன் டவுனிலோ நுவரெலியாவிலோ நல்ல வைஃபை கிடைக்கும் ஒருநாள் இவற்றை இறக்கிவிடுங்கள். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு மாதக்கணக்கில் ஒரு ரூபாய் டேட்டா செலவில்லாமல் படிக்கலாம். மடிக்கணினி இல்லாதவர்கள் அண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு, அதில் மேன் பொதியை நிறுவிப் பழகலாம். திரை சிறியதுதான்; ஆனாலும் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் வீணாகாது. 2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது நினைவிருக்கும். பற்றரி இருக்கும்வரை படிக்கக்கூடியது எது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

இதெல்லாம் மலையில் சிக்னல் இல்லாதவர்களின் அவசரத் தேவை என்று மட்டும் நினைக்க வேண்டாம். வங்கிகளின் முக்கியச் சர்வர்கள் பாதுகாப்பு கருதிப் பொது இணையத்திலிருந்து பிரித்தே வைக்கப்படுகின்றன. அங்கே இரவு நேரத்தில் ஒரு சேவை விழுந்தால், முன்னால் இருப்பது கறுப்புத் திரையும் அந்தக் கணினியில் உள்ள ஆவணமும்தான். சிக்னல் இல்லாத தோட்டத்தில் பழகிய ஒருவருக்கு அந்த இடம் புதிதாகத் தெரியாது. இதை நேர்முகப் பரீட்சையில் தயங்காமல் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கிளவுடில் ஓடும் சில சிறிய உபுண்டு கணினிகளில் இடம் மிச்சம் பிடிக்க மேன் பக்கங்களை அகற்றியிருப்பார்கள். ‘அன்மினிமைஸ்’ என்ற கட்டளை அவற்றைத் திரும்பக் கொண்டுவரும். கொண்டுவர இணையம் வேண்டும், ஆகவே தேவை வருமுன்பே செய்துவையுங்கள்.

பதிப்பு எண் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் விடை யாரோ ஒருவருடைய கணினிக்கு, என்றோ ஒருநாள் பொருந்தியது. உங்கள் கணினியில் உள்ள மேன் பக்கம், உங்கள் கணினியில் உள்ள பதிப்போடு சேர்ந்து நிறுவப்பட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்பது தவறில்லை, நல்ல உதவிதான். ஆனால் இல்லாத தெரிவை இருப்பதுபோல உறுதியாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அது சொன்ன தெரிவைத் தட்டுமுன், மேன் பக்கத்தைத் திறந்து சாய்கோடு போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள். அரை நிமிட வேலை. அழிக்கும் கட்டளை, உரிமை மாற்றும் கட்டளை என்றால் இந்த அரை நிமிடத்தை எக்காரணம் கொண்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு மூத்தவர்களிடம் கேட்கும் விதத்தையும் இது மாற்றும். ‘சேர், இது வேலைசெய்யுதில்ல’ என்று போய் நின்றால் யாருக்கும் சலிப்புத்தான் வரும். ‘சேர், கிரான்டேப் ஐந்தாம் பிரிவைப் பார்த்தேன். கிழமை இடத்தில 0, 7 இரண்டும் ஞாயிறு எண்டு இருக்கு. அதன்படி 7 போட்டேன், ஆனா ஓடல்ல. லொக்ல இந்த வரி வந்திருக்கு’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் கதிரையைத் திருப்பி உங்கள் திரையைப் பார்ப்பார். எதைப் படித்தீர்கள், எதைச் செய்தீர்கள், என்ன வந்தது: இந்த மூன்றும் இருந்தால் கேள்வி கேட்பதற்கு வெட்கப்படவே தேவையில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கத் தயங்கியே பின்தங்குகிறார்கள் என்பது என் கருத்து. கையில் ஒரு பக்கம் இருந்தால் அந்தத் தயக்கம் குறைகிறது.

சான்றிதழ் வேண்டுமென்றால், நேரே ஆர்எச்சிஎஸ்ஏவுக்குப் பாய வேண்டாம். லினக்ஸ் புரொபெஷனல் இன்ஸ்டிடியூட் நடத்தும் ‘லினக்ஸ் எசென்ஷியல்ஸ்’ தொடக்கநிலைப் பரீட்சை. 40 கேள்விகள், 60 நிமிடம். கட்டளை வரியில் உதவி தேடுவது என்றே அதில் தனிப் பகுதி உண்டு. மேன், இன்ஃபோ, நான் மேலே சொன்ன ‘டாக்’ அடைவு எல்லாம் பெயர் சொல்லியே பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகு ஆர்எச்சிஎஸ்ஏவுக்குப் படிக்கும்போது, ஒவ்வொரு தலைப்புக்கும் எந்த மேன் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். உதாரணமாக, பாதுகாப்பு அடையாளங்களை மாற்றும் ‘எஸ்ஈமேனேஜ்’ கட்டளையின் நீண்ட வரியை மனப்பாடம் செய்து மறப்பதைவிட, ‘எஸ்ஈமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ பக்கத்தின் அடியில் உள்ள உதாரணத்தை எடுத்து மாற்றி எழுதுவது பத்திரமானது. பரீட்சை மண்டபத்திலும் அந்தப் பக்கம் இருக்கும்.

இலங்கையில் இருந்துகொண்டே உலக மென்பொருள்களில் கைவைத்தவர்கள் ஏற்கெனவே பலர். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே எழுதப்பட்ட ‘சஹானா’ பேரிடர் மேலாண்மை மென்பொருள் வேறு நாடுகளுக்கும் போனது. கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகின் முன்வரிசையில் நின்றது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவருக்கும் அந்தப் பக்கம் ஒரு சிறிய கதவு திறந்தே இருக்கிறது. மேன் பக்கங்களை எழுதுகிறவர்களும் மனிதர்கள்தான். எழுத்துப்பிழை இருக்கும், பழைய தகவல் இருக்கும், விட்டுப்போன தெரிவு இருக்கும். லினக்ஸ் மேன்பேஜஸ் திட்டத்தை 2004 முதல் பல ஆண்டு மைக்கல் கெரிஸ்க் என்பவர் பராமரித்தார். இப்போது அலெஹாந்திரோ கொலோமார் பார்க்கிறார். அந்தத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்ப யாருடைய சிபாரிசும் தேவையில்லை. பிழையை எங்கே அறிவிப்பது என்று பல பக்கங்களின் அடியிலேயே எழுதியிருக்கும். முதலில் உங்கள் பதிப்பு பழையதா, புதியதில் திருத்திவிட்டார்களா என்று பாருங்கள். பிறகு எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், எப்படிச் சோதித்தீர்கள் என்று ஐந்து வரியில் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் திருத்தத்தின் வரலாற்றில் உங்கள் பெயர் பதிவாகும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவின் இணைப்பைக் கல்வித் தகைமைகளுக்கு மேலே, முதல் வரியாகப் போடுங்கள்.